அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறாவது மணி

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து கிரேனாப் போனில் கூப்பிட்டபோது ஹில்டா தம்பிக்கு இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தாள்.

கிரேனாபின் புருஷன் செல்வினுக்கும் ஹில்டாவின் தம்பி ரெமிக்கும் ஒரே நிலைமை. கழுத்தில் தண்டுவடம் அறுந்துபோய், அதற்குக் கீழே எதுவும் அசையாது. செல்வின் தென்னையிலிருந்து விழுந்தவன். ரெமி கப்பல் எலக்ட்ரீசியன், மனைவியை இழந்தவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற கப்பலின் சரக்கறைக்குள் விழுந்தான். இரண்டு பேரையும் மூச்சுவிட வைத்தது சுவாசினி என்ற கருவி. விலாவுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவு. நிமிடத்துக்குப் பதினான்கு முறை அது நரம்பைத் தட்டும். தட்டினால் உதரவிதானம் இறங்கும், மூச்சு உள்ளே வரும்.

"அவரு போயிட்டாருக்கா," என்றாள் கிரேனாப். "நேத்து. பேசிக்கிட்டே இருந்தாரு. திடீர்னு வாய் மட்டும் அசையுது, சத்தம் வரல. சுவிட்ச அமத்துன மாதிரி நின்னுட்டு. டாக்டரு ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

ஹில்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "மணி என்ன இருக்கும்மா?"

"பதினொண்ணு பத்து. கடிகாரத்தப் பாத்தேன். எதுக்குக்கா கேக்கிய?"

எதற்கென்று ஹில்டாவுக்கே அப்போது தெரியாது. சுவாசினி வைத்தவர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக முந்நூற்று நாற்பது வீடுகள். இந்த ஆண்டில் அதில் இது மூன்றாவது சாவு. மூன்றுக்கும் ஹார்ட் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். துறைமுகக் கணினிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் அவள். மூன்று தேதிகள் கையில் இருந்தால் அவற்றைக் கழித்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

கருவி முதன்முதலில் ஓடத் தொடங்கிய நாளை அந்தக் குழுவில் 'மூச்சு நாள்' என்பார்கள். கேக் வெட்டிப் படம் போடுவார்கள், நேரத்தோடு. கம்பெனியின் டெக்னீசியன் பெங்களூரிலிருந்து வந்து சேர மாலை ஆகிவிடும் என்பதால் எல்லாமே மாலை நேரங்கள். செல்வினுடையது 7.10. ஹில்டா மூன்று மூச்சு நாட்களையும் மூன்று சாவு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கழித்தாள். மூன்றுக்கும் ஒரே விடை. இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது நாள், பதினாறு மணி. அதை மணிக்கணக்காக மாற்றினாள்.

65,536.

அந்த எண்ணை அவள் பதினோரு வயதிலிருந்து அறிவாள். 1985இல், கப்பலில் கம்பியில்லாத் தந்தி ஆபரேட்டராக இருந்த அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கடையில் இருந்ததிலேயே மலிவானது. ரப்பர் சாவிகள். டிவியில் மாட்ட வேண்டும்; புரோகிராமெல்லாம் கேசட்டில் இருக்கும். ஹில்டா பத்திரிகையில் அச்சான எண்களை வரிவரியாக வாசிப்பாள், ஏழு வயது ரெமி தட்டுவான். அந்தப் பெட்டியின் நினைவகத்தில் அறைகள் சைபரில் தொடங்கி 65,535இல் முடியும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மறுபடி சைபர். உலகமெங்கும் அந்த மலிவுப் பெட்டிகளில் பழகிய ஒரு தலைமுறைக்கே அந்த எண் வீட்டு விலாசம் மாதிரி.

"ரெமி," என்றாள். "உன் சுவாசினிக்குள்ள என்ன சில்லு இருக்கு தெரியும்லா?"

ரெமியால் மூச்சு வெளியே போகும்போதுதான் பேச முடியும். நாலு சொல், பிறகு காத்திருக்க வேண்டும். "நம்ம பழைய பெட்டியில... இருந்த அதே சில்லு. டெக்னீசியன் சொன்னான்லா."

சொல்லியிருந்தான், பெருமையாகவே. புதிய கணினிச் சில்லுகளுக்குள் என்ன நடக்கிறதென்று அதைச் செய்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. இந்தப் பழைய சில்லின் ஒவ்வொரு குணமும் ஐம்பது வருடமாக ஊரறிந்தது, பேட்டரியையும் அவ்வளவாகக் குடிக்காது, உடம்புக்குள் வைக்க இதைவிட நம்பகமானது கிடையாது என்று.

"அது மணியை எண்ணுது," என்றாள் ஹில்டா. "ரெண்டு அறையில எண்ணுது, ரெண்டையும் சேத்தா உச்சம் அதே அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தஞ்சுதான். பழைய ஸ்கூட்டர் மீட்டர் நினைவிருக்கா? தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம் ஓடுனா திரும்பவும் எல்லாம் சைபருக்கு வரும்லா. அது மாதிரி."

ரெமி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "எனக்கு எப்ப?"

"பதினோரு மாசம் இருக்கு."

"அடுத்தது யாரு?"

அவள் குழுவின் படங்களை மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஏரல் தங்கபுஷ்பம். முப்பத்தொரு வயது. வேன் கவிழ்ந்து கழுத்து முறிந்தவள். மடியில் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். மூச்சு நாள் இரவு எட்டு மணி. ஹில்டா கூட்டிப் பார்த்தாள். வருகிற வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு.

சுவாசினி செய்த கம்பெனியை நான்கு வருடத்துக்கு முன்பே மூடியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த பிரகலாத் என்பவரின் எண் குழுவில் யாரிடமோ இருந்தது. திங்கட்கிழமை காலை ஹில்டா அவரைப் பிடித்தாள். அவர் முதலில் நம்பவில்லை. எண்ணைச் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"அந்தப் பகுதியை நாங்க யாரும் தொட்டதே இல்லை மேடம்," என்றார். "அதை எழுதினவர் ஒரு பெரியவர். அவர் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. எங்களுக்கு அந்தச் சில்லோட மொழியே தெரியாது. ஓடுதுன்னு விட்டுட்டோம்."

"மணி சைபர் ஆனா அது ஏன் நிக்கணும்?"

"சைபர்னா இன்னும் உடம்புல வைக்கலைன்னு அர்த்தம். ஃபாக்டரியில அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கிறதா நினைச்சுக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிடும். மறுபடி எழுப்புற சாவி எங்க சர்வர்ல இருந்தது. சர்வர் இப்ப இல்லை."

"புது புரோகிராம் உள்ள போட வழி இருக்கா?"

"இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு குடுத்திருக்கோமே, அந்தத் தட்டைத் தோல் மேல வச்சு ஒலியா அனுப்பணும். அந்தக் காலத்து கேசட் மாதிரியே, ரெண்டு ஸ்வரம், ஒண்ணுக்கு ஒண்ணு, சைபருக்கு ஒண்ணு. தொண்ணூறு செகண்ட். அந்த நேரம் அது மூச்சைத் தட்டாது. முடிஞ்சதும் எல்லாத்தையும் கூட்டிப் பாக்கும். கூட்டுத்தொகை சரியா வந்தா ரெண்டு தடவை பீப் சத்தம் தரும். வரலைன்னா தூங்கிடும். அப்புறம் எழுப்பவே முடியாது."

"சோதிச்சுப் பாக்க ஒரு கருவியாவது மிச்சம் இருக்கா?"

"எல்லாத்தையும் பழைய இரும்போட எடை போட்டு வித்துட்டாங்க மேடம்."

ரெமியைப் பார்த்துவந்த நரம்பியல் மருத்துவர் நிலோஃபருக்கு நாற்பது வயது. ஹில்டாவின் தாளை இரண்டு முறை வாசித்தார். சுவாசினியை எடுத்துவிட்டு வேறு வைக்க முடியாது. அதன் கம்பி நரம்போடு சேர்ந்து வளர்ந்துவிட்டது, பிரித்தால் நரம்பே போய்விடும் என்றார்.

"வியாழக்கிழமை அந்தப் பொண்ணை இங்க கொண்டுவாங்க, வென்டிலேட்டர் தயாரா வைக்கிறேன். ஆனா அது எவ்வளவு நாள்? இவங்க நுரையீரலுக்கு ஆறு மாசம், மிஞ்சினா ஒரு வருஷம். நிமோனியா வந்துடும்."

"வேற வழி நான் எழுதுதேன் டாக்டர். அந்த எண்ணிக்கை உச்சிக்குப் போனா அங்கேயே நிக்கட்டும்னு ஒரு வரி. அவ்வளவுதான் மாத்தணும்."

"இதுக்கு அனுமதி கேட்டா கமிட்டி கூடவே மூணு வாரம் ஆகும்." நிலோஃபர் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "கேக்காம செஞ்சா என் வேலை போகும். எழுதுங்க. பாப்போம்."

அன்று பகல் முழுக்க ஹில்டா எழுதினாள். ரெமியின் விலாவில் தட்டை வைத்து, சுவாசினிக்குள் இருந்த எட்டாயிரம் எண்களையும் வெளியே வாங்கி, சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொன்றாக அர்த்தம் குறித்தாள். இந்த வேலையை இப்போது எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. தவறான இடம் எது என்று மூன்று மணிக்குத் தெரிந்துவிட்டது. திருத்தியதை மடிக்கணினியில் ஒரு போலிச் சில்லில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது.

குழுவுக்கும் அன்றே செய்தி போட்டாள். போடும்போது அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை, தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர. ஐந்து நிமிடத்தில் பதில்கள் வரத் தொடங்கின. கிழவி பிதற்றுகிறாள் என்று ஒருவர். கோர்ட்டுக்குப் போவோம் என்று ஒருவர். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எங்க வீட்டுக்காரருக்கு என்ன தேதி? எங்க பிள்ளைக்கு? எங்க அம்மாவுக்கு? ஹில்டா கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் தேதியும் மணியும் அனுப்பினாள். நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'தயவுசெய்து என் மனைவியின் தேதியை எனக்குச் சொல்ல வேண்டாம். சரி செய்ய முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.'

வெயில் தாழ்ந்த நேரத்தில் ரெமி கூப்பிட்டான்.

"அக்கா. முதல்ல எனக்குப் போடு."

"சும்மா இருல."

"கணக்கு சொல்லு... அந்தப் பொண்ணுக்குப் போட்டு... தப்பாச்சுன்னா?"

இதை அவள் மத்தியானமே யோசித்து முடித்திருந்தாள். "அவளுக்கு எப்படியும் வியாழக்கிழமை நின்னுரும். தப்பானா ரெண்டு நாள்தான் போகும். உனக்குத் தப்பானா பதினோரு மாசம் போகும்."

"அவளுக்குத் தப்பானா... அவளுக்கு அதோட முடிஞ்சுது. எனக்குத் தப்பானா... ஏன்னு நீ கண்டுபிடிப்ப. அவளுக்கு... இன்னொரு தடவ இருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தான். "அவளுக்கப்புறம்... முந்நூறு பேரு."

ஹில்டாவிடம் இருந்தது ஒன்றுதான், அதைச் சொன்னாள். "அவ எவனுக்கோ பொண்டாட்டி. எனக்கு அவ யாருல?"

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ரெமி அவளிடம் வாதாடவில்லை. தலைமாட்டில் இருந்த போனைக் குரலாலேயே இயக்கி, தங்கபுஷ்பத்தின் எண்ணைக் கூப்பிடச் சொன்னான்.

"தங்கம்... ரெமி அண்ணன் பேசுதேன். நாளைக்கு முதல்ல... எனக்குப் போடுதாங்க. நல்லாருந்தா... புதன்கிழமை உனக்கு."

மறுமுனையில் அவளும் நாலு நாலு சொல்லாகத்தான் பேசினாள். "அண்ணே... உங்களுக்கு எதுக்கு இது... வேண்டாம்ணே." பிறகு அவள் கணவன் இசக்கியின் குரல் வந்தது. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் ஒரு தனி அறையை நிலோஃபர் ஒழித்து வைத்திருந்தார். ரெமியின் தொண்டைத் துளையில் காற்றுப் பையைப் பொருத்தி, ஒரு நர்ஸ் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பதிவு செய்ய நிலோஃபர் ஒரு ஸ்டாண்டில் போனை நிறுத்தி வைத்தார். ஹில்டா மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து எண்களை மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான் ரெமி. "போட்டுவிடு."

அவள் போட்டாள். தட்டிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. இரைச்சலும் கீச்சொலியுமாக, காதை அறுக்கிற சத்தம். ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அப்பாவை, வானொலியில் செய்தி கேட்க முடியவில்லை என்று சத்தம் போட வைத்த அதே சத்தம். நர்ஸ் பையை அமுக்கினாள். ரெமியின் நெஞ்சு அவள் கை சொன்னபடி ஏறி இறங்கியது. எழுபது செகண்ட். எண்பது. தொண்ணூறு. சத்தம் நின்றது.

பீப் ஒலி வரவில்லை.

ஹில்டா தட்டை இன்னும் அழுத்திப் பிடித்தாள். இன்னொரு நிமிடம். "பையை ஒரு நொடி விடுங்க," என்றார் நிலோஃபர். நர்ஸ் கையை எடுத்தாள். ரெமியின் நெஞ்சு அப்படியே கிடந்தது. அவன் கண்கள் அக்காவைத் தேடி அவள் மேல் நின்றன. பயந்த கண்களாகத் தெரியவில்லை. நிலோஃபர் அவன் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவன் இமையை ஒருமுறை மூடித் திறந்தான். பிறகுதான் வென்டிலேட்டரை மாட்டினார்கள்.

ஹில்டா அழவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தன் தாள்களைத் திரும்ப வாசித்தாள். எண்களில் தவறில்லை. அன்று மாலைவரை வாசித்தாள், தவறில்லை. தவறு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புதன் காலை தங்கபுஷ்பத்தை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து பக்கத்து அறையில் சேர்த்துவிட்டார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இசக்கி வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான். ஹில்டாவைக் கடக்கும்போதெல்லாம் அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான்.

வேறு வழி தெரியாமல் அவள் நிலோஃபரின் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடமும் அதில் இருந்தது. ரெமி படுத்திருக்கிறான். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கணினியைப் பார்க்கிறாள். ஒருதடவைகூடத் திரும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவது ஏதோ மந்தமாக இருப்பது போலப் பட்டது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். பத்து நிமிடத்துக்கு நூற்று நாற்பது இருக்க வேண்டும். நூற்று முப்பத்தொன்று இருந்தது.

இன்னொரு தடவை எண்ணினாள். அதே நூற்று முப்பத்தொன்று.

ஓடிப்போய் நிலோஃபரின் அறைக் கதவைத் தள்ளினாள். "டாக்டர், சில்லு மெதுவா ஓடுது. மணியை எண்ணுறது தனிப் படிகம், கைக்கடிகாரத்துல இருக்குமே, அது மாதிரி. அது சரியாத்தான் இருக்கு. வெளிய அனுப்புறதும் அதைப் பாத்துதான் அனுப்புது. ஆனா மூச்சைத் தட்டுறதும், நாம அனுப்புறதைக் கேக்குறதும் சில்லோட சொந்தத் தாளத்துல. பேட்டரிக்கு வயசாக வயசாக அது தளர்ந்து போச்சு. நான் வேகமாப் பேசிட்டேன். அதுக்குப் புரியல."

"அப்ப ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு மெதுவாப் பேசணும்னு எப்படித் தெரியும்?"

"மூச்சை எண்ணணும்," என்றாள் ஹில்டா. "பத்து நிமிஷம் உக்காந்து எண்ணுனா போதும்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பத்து நிமிஷம் டாக்டர். நான் அவனை ஆறு வருஷமாப் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

தங்கபுஷ்பத்துக்கு நூற்று இருபத்தொன்பது. ஹில்டா ஒலியை அந்த அளவுக்கு இழுத்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தட்டை வைத்தார்கள். தொண்ணூறு செகண்ட் இப்போது தொண்ணூற்றெட்டாக நீண்டது. சத்தம் நின்றது. இரண்டு தடவை பீப் ஒலித்தது. நர்ஸ் கையை எடுத்தாள். அந்தப் பெண்ணின் நெஞ்சு தானாக ஏறியது.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணியைக் கடந்து பன்னிரண்டரை வரைக்கும் அவள் கட்டிலருகே எல்லோரும் நின்றார்கள். அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். இசக்கி ஹில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். ரெமியின் அறை அந்தச் சுவருக்கு அப்பால்தான். அங்கே இயந்திரம் ஊதி ஊதி அடங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு நிலோஃபர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே ஒரு பக்கக் கடிதம். வீட்டுக்கு வருகிற நர்ஸின் கையெழுத்து. கீழே ரெமியின் கைரேகை. 'சுவாசினி எப்போது நின்றாலும் என்னை வென்டிலேட்டரில் போட வேண்டாம். முன்பு எட்டு மாதம் அதில் இருந்தேன். இனி முடியாது. இதை ஹில்டாக்காவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அவளால் தாங்க முடியாது.'

ஹில்டா தேதியைப் பார்த்தாள். ஜனவரி. "இது ஏழு மாசத்துக்கு முந்தி எழுதினது."

"ஆமா."

"எண்ணிக்கை, தங்கபுஷ்பம், எதுவும் தெரியாத காலம்."

"ஆமா மேடம். அவர் மனைவியோட நினைவு நாளுக்கு மறுநாள் கொடுத்தனுப்பினார்." நிலோஃபர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "செவ்வாய்க்கிழமை தொடங்குறதுக்கு முன்னாடி, உங்களுக்குக் கேக்காம அவர்கிட்டக் கேட்டேன், இந்தக் கடிதம் இன்னும் அப்படியேதானான்னு. வியாழக்கிழமை வரைக்கும் மெஷின்ல போடலாம், அந்தப் பொண்ணுக்கு முடியுற வரைக்கும்னு சொன்னார். நின்னதும் இன்னொரு தடவை கேட்டேன். இமையை மூடிக் காட்டினார்."

"அப்ப அவன் அந்தப் பொண்ணுக்காகச் செய்யலையா? போக வழி தேடிக்கிட்டுத்தான் முதல்ல எனக்குப் போடுன்னானா?"

"அதையும் கேட்டேன். ரெண்டுமா இருக்கக்கூடாதா டாக்டர்னு கேட்டார்."

ஹில்டா கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்பப் போட்டாள். இயந்திரத்தை நிறுத்த அவள் கையெழுத்து வேண்டும் என்று நிலோஃபர் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

வென்டிலேட்டரில் ரெமிக்குக் குரல் கிடையாது. பிளாஸ்டிக் பலகையில் எழுத்துகள் இருந்தன. முதலில் உயிர்மெய் வரிசையை விரலால் காட்டிக்கொண்டே வர வேண்டும். சரியான இடத்தில் அவன் இமையை மூடுவான். பிறகு கொம்பு, கால், புள்ளி. ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

"தங்கம் நல்லாருக்கா," என்றாள். அவன் இமையை மூடித் திறந்தான்.

"கடிதத்தை வாசிச்சேன்." அவன் கண்ணை எடுக்கவில்லை.

"ரெமி, இன்னும் முந்நூத்தி முப்பத்தஞ்சு பேர் இருக்காங்க. அடுத்தது மார்த்தாண்டம், ஒம்பது நாள்ல. நீ இல்லாம என்னால இதைச் செய்ய முடியாதுல."

அவன் பலகையைப் பார்த்தான். அவள் விரலை நகர்த்தினாள். ப வரிசையில் இமை மூடியது. பிறகு ஒற்றைக் கொம்பும் காலும். பிறகு ய. பிறகு புள்ளி.

பொய்.

"ஆமா," என்றாள் ஹில்டா. "பொய்தான்." அப்போதுதான், அந்த ஐந்து நாளில் முதல் தடவையாக, கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். அழுது முடியும்வரை அவன் காத்திருந்தான். அவள் நிமிர்ந்ததும் மறுபடி பலகையைப் பார்த்தான். இந்தத் தடவை நீளமாக இருந்தது. முழுசாக வருவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கடைசி எழுத்துவரை விரலை நகர்த்தினாள்.

மார்த்தாண்டம் வரை.

மார்த்தாண்டத்துக்காரர் பெயர் சுகுமாரன், ரப்பர் பால் வெட்டியவர். குழுவில் இருந்த எண் வேலை செய்யவில்லை, வீடு மாறியிருந்தார்கள். ஹில்டா நாலு பேருக்கு எண்ணவும் ஒலியை இழுக்கவும் சொல்லிக் கொடுத்து மதுரைக்கும் திருச்சிக்கும் அனுப்பியிருந்தாள். இவரை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறாம் நாள் ரெமிக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி இறங்கியிருந்தது. எட்டாம் நாள் மாலை சுகுமாரனின் புது விலாசம் கிடைத்தது. அவருடைய நேரம் மறுநாள் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவள் ரெமியின் கட்டிலருகே பையோடு நின்றாள். அவன் உடம்பு கொதித்தது. பலகையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் ஒரே ஓர் எழுத்தைத்தான் காட்டினான். போ.

"நான் மெசேஜ்தான் போடுவேன்," என்றார் நிலோஃபர் வாசல்வரை வந்து. "காய்ச்சல் ஏறினாலும் இறங்கினாலும் மெசேஜ். நீங்க வேலையில இருப்பீங்க, கூப்பிட மாட்டேன். கூப்பிட்டேன்னா..." ஹில்டா தலையசைத்தாள்.

வழியில் ஒரு பாலத்தில் லாரி மறித்து நின்றது. சுகுமாரனின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஐம்பத்தைந்து. ஊர்க் கிளினிக்கிலிருந்து ஒரு இளம் டாக்டர் காற்றுப் பையோடு தயாராக இருந்தார். சுகுமாரனின் மகள் ஒரு நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டாள். எண்ணப் பத்து நிமிடம், ஒலியைத் தயார் செய்ய ஐந்து நிமிடம், அனுப்ப இரண்டு நிமிடம். எண்ணிக்கை தப்பினால் மறுபடி தொடங்க நேரம் இல்லை.

ஹில்டா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண், அவள் உதடு அசைவதைப் பார்த்து ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துத் தானும் கைகூப்பிக்கொண்டாள். அந்த மனிதரின் சட்டை ஏறி இறங்கியது. நாற்பது. நாற்பத்தொன்று.

எண்பத்தாறில் போன் அதிர்ந்தது. மேஜை மேல், அவள் கண்ணுக்கு எதிரே. திரையில் நிலோஃபரின் பெயர்.

மகள் போனை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். ஹில்டா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணை அந்தச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. எண்பத்தேழு. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. எண்பத்தெட்டு. பிறகு நின்றது. எண்பத்தொன்பது. கண்ணில் நீர் நிறைந்து சட்டை கலங்கியபோது, கையால் துடைத்தால் ஒன்று தவறிவிடும் என்று, வலது கையை நீட்டி அவர் வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கை எழும்பும் ஒவ்வொரு தடவையும் எண்ணினாள். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

"பத்து நிமிஷம் ஆச்சு," என்றார் இளம் டாக்டர்.

"நூத்தி முப்பத்து மூணு," என்றாள் ஹில்டா. அதைத் தாளில் எழுதி அடியில் ஒரு கோடு போட்டாள். மடிக்கணினியைத் திறந்து ஒலியை அந்த அளவுக்கு இழுத்தாள்.